ஒரு சென்ட் கொரியன் புல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் ஆச்சி வீட்டு வாசலில் ஒற்றைப் புல் நிற்காது. விடியுமுன் பெருக்கி, சாணி தெளித்து, கோலம் போட்டு நிமிர்வதற்குள் கல் இடுக்கில் தலை காட்டியதையெல்லாம் கிள்ளி எறிந்திருப்பாள். "வாசல்ல புல்லு முளைச்சா ஆளில்லாத வீடுன்னு அர்த்தம்" என்பது அவள் பேச்சு. பூச்சி பொட்டு வந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும் ஒரு காரணம். செடி வளர்க்க ஆசையா, அதற்குப் பின்கட்டு இருக்கிறது: துளசி, நந்தியாவட்டை, மல்லி. பெரியாழ்வார் நந்தவனம் வைத்ததாகச் சொல்லும் ஊர் அது. அங்கே தோட்டம் என்றால் பூவுக்கும் மாலைக்கும்தான். வெறும் பச்சையைப் பார்ப்பதற்காக யாரும் நிலம் ஒதுக்கியதில்லை.

அந்த ஆச்சி வழியில் வந்த நான், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்தில் வீடு கட்டியபோது, முன்னால் ஒரு சென்ட் இடத்தில் கொரியன் புல் பதித்தேன். மலையைப் பார்த்த திண்ணையும் அதற்கு முன்னால் பச்சைப் பாயும் வேண்டும் என்று ஓர் ஆசை. முதல் வருஷமே அந்தப் பச்சையில் பாதியை என் கையாலேயே கெடுத்தேன். தண்ணீரும் யூரியாவும் கத்திரியும் அன்புக்குக் குறைவில்லாமல் போட்டதால்தான் அது கெட்டது. ஏன் கெட்டது என்று தேடிப் படித்ததில் இந்தப் புல்லின் குணம் புரிந்தது. இது மெதுவாக வாழும் புல். அந்த வேகத்துக்கு நாம் இறங்கி வராவிட்டால், நாம் செய்கிற ஒவ்வொரு நல்லதும் அதற்குக் கெடுதலாக முடியும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நர்சரியில் 'கொரியன் கிராஸ்', 'மெக்சிகன் கிராஸ்', 'வெல்வெட்' என்று பல பெயர்கள் புழங்குகின்றன. ஒரு ஊரில் கொரியன் என்று விற்பதை அடுத்த ஊரில் மெக்சிகன் என்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஸாய்சியா என்ற ஒரே பேரினத்துக்குள் அடங்கும். கார்ல் ஃபான் ஸாய்ஸ் என்ற ஆஸ்திரியத் தாவர ஆர்வலரின் பெயரை 1801இல் வில்டனோ என்ற ஜெர்மானியர் இந்தப் பேரினத்துக்குச் சூட்டினார். அதில் நமக்கு வேண்டியவை மூன்று: கொஞ்சம் அகன்ற, முரட்டு இலை கொண்ட ஜப்பானிக்கா, நடுத்தரமான மட்ரெல்லா, நூல்போல் மெல்லிய, தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும் டெனுய்ஃபோலியா. நம் ஊர்களில் 'கொரியன்' என்று மேடு மேடாகப் பூரித்துக் கிடப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. அதன் இன்னொரு பெயர் மாஸ்கரீன் புல். இந்தியப் பெருங்கடல் தீவுகளை ஒட்டிய பெயர். ஆகவே பலகையில் எழுதிய பெயரை நம்பாமல் இலையைத் தொட்டுப் பார்த்து வாங்குவதுதான் சரி.

மட்ரெல்லாவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. மணிலா புல் என்று உலகம் முழுக்க விற்கப்படும் அது தென்னிந்தியா, இலங்கைக் கடலோர மணலில் தானாகவே வளர்வது. 1767இல் லின்னேயஸ் அதற்குப் பெயர் வைத்தபோது ஊராகக் குறித்தது மலபாரை. 1911இல் பைப்பர் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதை மணிலாவிலிருந்து கொண்டுபோனதால் மணிலா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நம் கரையில் பிறந்ததை, வெளிநாட்டுப் பெயரோடு நாமே காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஜப்பானிக்காவுக்குக் கொரியா உண்மையிலேயே தாய்வீடுதான். அங்கே அதை ஜண்டி என்கிறார்கள். முன்னோரின் சமாதி மேடுகளின்மேல் இந்தப் புல்லைப் போர்த்தி, ஆண்டுதோறும் அறுவடைப் பண்டிகைக்கு முன் குடும்பத்தோடு போய் வெட்டிச் சீர்செய்வது அவர்கள் வழக்கம். மழை மண்ணைக் கரைக்காமல் பல தலைமுறைக்கு மேட்டைக் காக்கும் வேலையை இந்தப் புல்லிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஃபிராங்க் மேயர் என்ற தாவரத் தேடலாளர் 1905இல் கொரியாவில் விதை திரட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினார். அவர் பெயரால் 'மேயர்' என்ற ரகம் 1951இல் வெளிவந்த பிறகுதான் அமெரிக்க வீட்டு வாசல்களில் ஸாய்சியா பரவியது.

இனி ராஜபாளையத்து வெயிலுக்கு வருவோம்.

செடிக்கு ஓயாத சங்கடம் ஒன்று உண்டு. சாப்பாட்டுக்குக் கரியமில வாயு வேண்டும். அது உள்ளே வர இலைத்துளையைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகப் போய்விடும். நெல்லும் பருத்தியும் இந்தச் சங்கடத்தில் நிறைய இழக்கின்றன. கரியமில வாயுவைப் பிடிக்கிற நொதி, வெயில் ஏற ஏறத் தவறி ஆக்சிஜனையும் பிடித்துவிடும். அப்படிப் பிடித்ததைச் சரிசெய்யச் செடி தன் சேமிப்பையே செலவழிக்க வேண்டும். சோளமும் கம்பும் கரும்பும் வேறு வழி கண்டவை. இலையின் வெளிச் செல்களில் வேறொரு நொதியைக் கொண்டு கரியமில வாயுவைப் பிடித்து, நரம்பைச் சுற்றியிருக்கும் உறைச் செல்களுக்குள் அடர்த்தியாகத் தள்ளிவிடும். அங்கே அந்தத் தடுமாறும் நொதிக்குத் தவறு செய்ய வாய்ப்பு மிகக் குறைவு. 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பை வைத்து இதைத் தெளிவாக்கினார்கள். துளையைக் கொஞ்சமாகத் திறந்தாலே வேலை நடந்துவிடுவதால், ஒரு கிலோ உடம்பு வளர்க்க இந்த வகைச் செடிக்கு நெல் வகைக்கு வேண்டியதில் ஏறக்குறைய பாதி நீர் போதும்.

கொரியன் புல் சோளத்தின் பந்தியில் உட்காருகிற புல். 27 முதல் 35 டிகிரி வரை அதற்கு நல்ல காலம். குளிர்நாடுகளில் பனி விழுந்ததும் வைக்கோலாகி ஐந்தாறு மாதம் தூங்கும். நம்மூர் மார்கழிப் பனி அதைத் தூங்க வைக்கும் அளவுக்குக் குளிர்ந்தது இல்லை. அதனால் இங்கே வருஷம் முழுக்கப் பச்சை. இது வரம் மாதிரித் தெரிந்தாலும் ஒரு வினையும் இருக்கிறது: தூக்கமே இல்லாத புல் வருஷம் முழுக்கச் சருகு சேர்க்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

தண்ணீர்க் கணக்கைப் பேனா எடுத்துப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புல்தரை வைக்கும் தகுதி நமக்கு இல்லை என்றே நினைக்கிறேன். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, அதாவது சுமார் 40 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் ஒரு லிட்டர். கடும் கோடையில் புல்தரை நாளுக்கு 5 மில்லிமீட்டர் இழக்கிறது என்று வைத்தால், ஒரு சென்ட்டுக்கு 200 லிட்டர், வாரத்துக்கு 1,400. ஆனால் ஸாய்சியாவின் தாகத்தை முழுக்கத் தீர்க்க வேண்டியதில்லை. மூன்றில் இரண்டு பங்கு கொடுத்தாலே கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆக, வாரம் சுமார் 1,000 லிட்டர். குடிநீருக்குக் குடத்தை வரிசை வைக்கிற தெருக்கள் இதே ஊரில் இருக்கும்போது இது சின்ன எண் இல்லை.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் விழும் மழை மட்டும் 74,000 லிட்டர் வரும். தமிழ்நாட்டில் 2003இலிருந்து மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம்; பல வீடுகளில் அந்தக் குழாய் பெயருக்குத் தொங்குகிறது. புல்தரைக்குக் கேட்பது, மழை இல்லாத முப்பது முப்பத்தைந்து வாரத்துக்கும் சேர்த்து, மாடியில் விழுவதில் பாதிக்கும் குறைவு. மாடித் தண்ணீரைத் தன் மனையிலேயே மண்ணுக்குள் இறக்குகிற வீடு ஒரு சென்ட் புல் வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம் என்பது என் கட்சி. ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உட்கார்ந்துகொண்டு புல் விரிப்பது, ஆழ்குழாயில் அக்கம்பக்கத்தார் பங்கையும் சேர்த்து உறிஞ்சும் காரியம்.

மழை மறைவு என்பது இங்கே வெறும் பாடப்புத்தகச் சொல் இல்லை. ஆனி, ஆடியில் மலைக்கு மேற்கே கேரளத்தில் அடைமழை. அதே காற்று ஈரத்தை அங்கே கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்கும்போது, ஒரு கிலோமீட்டர் இறக்கத்துக்குச் சுமார் 10 டிகிரி சூடேறி உலர்ந்து வருகிறது. மலை உச்சியில் மேகம், வீட்டு முன்னால் வெயிலும் புழுதிக் காற்றும். அக்கினி நட்சத்திரத்தில் புல்லைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தவர்கள், ஆடியில் வானம் மூடியிருப்பதை நம்பித் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். காற்று குடிக்கிற நீர் கணக்கில் வராமல் போகும். நானும் அப்படித்தான் ஒரு ஆடியில் ஓரங்களைக் காய விட்டேன்.

எப்போது தண்ணீர் விடுவது? காலண்டரைப் பார்க்காமல் புல்லைப் பார்க்க வேண்டும். சாயங்காலம் புல்மேல் நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நீர் உள்ள இலை நிமிர்ந்துவிடும். தாகமுள்ள புல்லில் காலடி அப்படியே பதிந்து கிடக்கும். அருகில் குனிந்தால் இலை நீளவாக்கில் சுருண்டு ஊசியாகியிருப்பது தெரியும். இலையின் மேல்தோலில் வரிசையாக இருக்கும் பெரிய செல்கள் நீர் வற்றினதும் தொய்ந்து, இலையைப் பாயாகச் சுருட்டிவிடுகின்றன. வெயில் படுகிற பரப்பு குறைகிறது. இது நோய் இல்லை, சிக்கனம். அந்த நிலை வந்த பிறகு, விடியற்காலையில் ஒருமுறை ஆழமாக விட்டால் போதும். ஒரு நீளக் கம்பியைக் குத்திப் பார்த்தால் ஈரமுள்ள மட்டும் இறங்கும்; ஒரு சாண் இறங்கினால் சரி. எவ்வளவு நீர் விழுகிறது என்று அறிய, நேராக நிற்கிற டம்ளர் நாலைத் தரையில் அங்கங்கே வைத்துத் தெளித்தால் தெரிந்துவிடும். தினமும் ஹோஸைப் பிடித்து மேலாக நனைத்தால் வேர் மேல்மண்ணிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அந்தப் புல் வாடிவிடும். முதல் வருஷம் என் புல்லுக்கு நேர்ந்தது இதுதான். தினமும் அரைமணி நேரம் ஹோஸ் பிடித்து நின்றேன்; வெளியூர் போய் நாலு நாளில் திரும்பினால் வைக்கோல்.

ஆழ்குழாய் நீர் உப்பாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கடலோரத்தில் பிறந்த குடும்பம் என்பதால் ஸாய்சியாவின் இலையிலேயே உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. இரண்டே செல்லால் ஆன நுண்ணிய உறுப்பு. வேர் வழியே ஏறிய உப்பை இலைக்கு வெளியே தள்ளிவிடும். உப்புத் தண்ணீர் பாய்ச்சிய தரையில், வெயில் ஏறிப் பனி உலர்ந்த பின் ஒரு இலையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளைப் பொடி மினுங்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். இதை நம்பி ஆர்.ஓ. மெஷின் தள்ளுகிற தண்ணீரை முழுக்கப் புல்லுக்குத் திருப்புகிறார்கள். புல் தாங்கும், மண் தாங்காது. சோடியம் கூடக் கூடக் களிமண் துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, நனைந்தால் சேறு, காய்ந்தால் ஓடு என்று ஆகிவிடும். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் அந்தச் சோடியத்தை விலக்கித் துகள்களை மறுபடி சேர்க்கும். ஆனால் விலக்கியதை அடித்துக்கொண்டு போக நல்ல மழை ஒன்று வேண்டும். உப்பு நீரை மாற்றி மாற்றி, மழைக்கு முன்னால் மட்டும் பயன்படுத்துவதுதான் பிழைக்கிற வழி.

மண்ணைச் சொல்லும்போது இந்த இரண்டு ஊர்களின் விசேஷத்தையும் சொல்ல வேண்டும். மலையடிவாரம் செவல், கிழக்கே போகப் போகக் கரிசல். ஒரே தெருவில் மேற்கு வீட்டுக்கு ஒரு மண், வண்டியில் கொட்டி மேடாக்கிய கிழக்கு வீட்டுக்கு வேறொரு மண். செவலில் தண்ணீர் சீக்கிரம் இறங்கும், சத்து நிற்காது. கரிசல் காய்ந்து வெடித்திருக்கும்போது முதல் தண்ணீரை வெடிப்பு வழியாக விழுங்கும்; பிறகு களி உப்பி வாயை மூடிக்கொள்ளும். அதற்குமேல் விடுவது தெருவில்தான் ஓடும். கரிசலில் அரைமணி விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து, மறுபடி விட வேண்டும்.

கரிசலில் இன்னொரு கோளாறு: சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. புல் பச்சை வெளிறி, இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாகும். பார்த்தவுடன் யூரியா போடத் தோன்றும். அது மஞ்சளை இன்னும் கூட்டும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று சொல்லும் இரும்பு உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளித்தால் சில நாட்களில் பச்சை திரும்பும். வாசல் சிமெண்ட் தரையில் மட்டும் பட விடக் கூடாது. என் வீட்டுப் படியில் பட்ட துரு நிறக் கறை இத்தனை தேய்ப்புக்கும் போகவில்லை.

புல் பதிக்கிற வேலை பொறுமையைக் கேட்பது. ஸாய்சியா விதை கெட்டித் தோல் உடையது. காரக் கரைசலில் ஊறவைத்து எடுத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். ஆகவே வீடுகளில் கொடியாகவோ கட்டையாகவோதான் நடுகிறார்கள். பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் கொத்து கொத்தாக நட்டால் ஒரு சென்ட்டுக்கு 4,000 கொத்து. பதினைந்தில் நட்டால் 1,800. அருகம்புல் இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும் இடத்தை இது மூட ஒரு வருஷமும் ஆகலாம். நம் தோட்டக்காரர்களிடம் அழகான இன்னொரு முறை உண்டு: கொடியை விரல் நீளத்துக்கு நறுக்கி, செம்மண்ணும் சாணியும் சேர்த்துக் குழைத்து, சமன் செய்த தரையில் மெழுகிவிடுவது. ஆச்சி தரை மெழுகிய அதே கை வாகு. அவசரக்காரர்கள் கட்டையாக வாங்கிப் பாய்போல் விரித்துவிடுகிறார்கள். அன்றைக்கே பச்சைதான், ஆனால் கட்டையோடு என்ன வருகிறது என்பதைப் பிரித்துப் பார்த்துத்தான் விரிக்க வேண்டும்.

என் கட்டையோடு வந்தது கோரை.

கோரையைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் தந்திரம் தெரியும். தரைக்கு அடியில் கிழங்கு, கிழங்கிலிருந்து கம்பிபோல் ஒரு கொடி, அதன் முனையில் இன்னொரு கிழங்கு என்று மணிமாலையாக ஓடும். முனையில் இருக்கும் தளிர் உயிரோடு உள்ளவரை மற்றக் கிழங்குகளைத் தூங்க வைத்திருக்கும். நாம் மேலாகப் பிடுங்கினால் மாலை அறுகிறது. தூங்கினதெல்லாம் விழித்து, ஒன்று இருந்த இடத்தில் ஐந்து வருகிறது. அதனால் புல் பதிப்பதற்கு முன்பே தரையை ஒரு முழம் கொத்தி, தண்ணீர் விட்டு, முளைக்கிற கோரையைக் கிழங்கோடு எடுத்து, மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி எடுத்து, இப்படி இரண்டு மூன்று சுற்று செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் பாலித்தீன் விரித்து ஒரு மாதம் மூடிவைத்தால் மற்றக் களை விதைகள் பெரும்பாலும் வெந்துபோகும். கோரைக் கிழங்கு முழுக்கச் சாகாது, ஓரளவு அடங்கும். இந்த இரண்டு மாதத்தை மிச்சம் பிடித்த நான் மூன்று வருஷமாகக் களைக்கொத்தியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

எருவிலும் ஒரு கவனம் வேண்டும். பால்கோவா ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் சாணத்துக்குப் பஞ்சமில்லை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பால்கோவாவுக்குப் பின்னால் எத்தனையோ மாடுகள் நிற்கின்றன. ஆனால் மாடு மேய்ந்த விதைகளில் பல அதன் வயிற்றைத் தாண்டி உயிரோடு வந்துவிடும். பச்சைச் சாணமோ அரைகுறை எருவோ போட்டால் மேய்ச்சல் காடே வாசலில் முளைக்கும். குவித்து, கிளறிக் கிளறி, உள்ளே 55, 60 டிகிரி சூடேறிப் புளித்து ஆறின எருவில்தான் அந்த விதைகள் செத்திருக்கும். மண்வாசனை மட்டும் வீசி, கையில் எடுத்தால் காப்பித்தூள் மாதிரி உதிர வேண்டும்.

உரம் இந்தப் புல்லுக்கு மிகக் குறைவாகத்தான் வேண்டும். ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 10 கிராம் தழைச்சத்து போதும். ஒரு சென்ட்டுக்கு யூரியாவாகக் கணக்கிட்டால் 900 கிராமுக்கும் குறைவு, அதுவும் வருஷம் முழுவதற்கும். அதை மாசி, ஆனி, ஆவணி என்று மூன்றாகப் பிரித்து, சலித்த மணலில் கலந்து தூவி, உடனே தண்ணீர் விடுவேன். வெட்டின புல்லை வாரி எறியாமல் பொடியாக அங்கேயே விட்டால் இதில் கால் பங்கு திரும்பக் கிடைத்துவிடும். புரட்டாசி பிறந்துவிட்டால் தழைச்சத்தே கூடாது. அதைத் தெரிந்துகொண்ட கதை இது:

முதல் வருஷம் புரட்டாசியில், மழைக்கு முன் ஒரு சாப்பாடு போடலாம் என்று கை நிறைய யூரியா தூவினேன். புல் கரும்பச்சையாகக் கொழுத்தது. ஐப்பசியில் மழை பிடித்தது. பத்தே நாளில் தாம்பாளம் அளவுக்குச் செம்பழுப்பு வட்டங்கள். பிறகு அண்டா அளவு. ஓரத்தில் ஒரு தாளைப் பிடித்து இழுத்தால் வெண்ணெயில் செருகினது மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அடித்தண்டு அழுகி நிறம் மாறியிருந்தது. ரைசோக்டோனியா என்ற பூஞ்சை. விடாத ஈரமும் இருபது, இருபத்தைந்து டிகிரி மழைக்காலக் குளிர்ச்சியும் அதற்கு விருந்து. அவசரமாக வளர்ந்த மெல்லிய திசு அதற்கு இன்னும் இஷ்டம். மருந்து வாங்க ஓடினேன். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்கிற பெரியவர் வட்டத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "மருந்து கிடக்கட்டும் சார், தண்ணி நிக்குதே, அதை மொதல்ல வெட்டி விடுங்க" என்றார். ஒரு சின்ன வாய்க்கால் இழுத்ததும் வட்டம் பெருகுவது நின்றது. தையில் மண்ணுக்குள்ளிருந்த கொடி மறுபடி முனை நீட்டியது. அடித்தண்டைத் தின்ற பூஞ்சை, மண்ணுக்கு அடியில் இருந்த கிழங்குக்கொடியைத் தொடவில்லை. இந்தப் புல்லின் முதல் சேமிப்பு அங்கேதான் இருக்கிறது.

எல்லா வட்டமும் பூஞ்சை இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு ராஜபாளையம் நாய். 2005இல் தபால்தலையில் வந்த அந்த இனத்தின் வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும் அப்படியே. காலையில் அவிழ்த்துவிட்டதும் நேரே என் புல்லுக்குத்தான் வரும். அது உட்கார்ந்து எழுந்த இடம் உள்ளங்கை அளவு கருகும். ஆனால் கருகலைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மற்ற எங்கும் இல்லாத கரும்பச்சை வளையம் இருக்கும். நாய் மூத்திரத்தில் இருக்கும் யூரியாதான் இரண்டுக்கும் காரணம். நடுவில் அது அளவுக்கு மீறி வேரைச் சுட்டுவிடுகிறது. ஓரத்தில் நீர்த்து, உரமாகிறது. ஒரு சத்து எந்த அளவில் உணவு, எந்த அளவில் விஷம் என்பதை ஒரு சாண் வட்டத்துக்குள் இவ்வளவு துல்லியமாக வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. நாய் போன கையோடு ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் நடுவும் தப்பிக்கும்.

விடியற்காலை மயில்கள் வந்து ஓரிடத்தையே திரும்பத் திரும்பக் கிளறினால் விரட்டுவதோடு நிறுத்தக் கூடாது. அங்கே ஒரு சதுர அடியை மூன்று பக்கம் வெட்டிப் பாய்போல் தூக்கிப் பார்க்க வேண்டும். வெள்ளையாக வளைந்து கிடக்கும் வேர்ப்புழு ஐந்தாறுக்கு மேல் இருந்தால் வைத்தியம் தேவை. ஒன்றிரண்டு என்றால் அந்த வேலையை மயிலிடமே விட்டுவிடலாம்.

கடைசியாக, முன்னால் சொன்ன சருகு. ஸாய்சியாவின் இலையும் தண்டும் லிக்னின் மிகுந்த முரட்டு நார், சீக்கிரம் மக்காது. தூக்கமே இல்லாத நம்மூரில் அது வருஷம் முழுக்கப் பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே மெத்தையாகச் சேர்ந்துகொண்டே போகும். அரை அங்குலம் வரை நல்லது, மண்ணைக் குளிர்விக்கும். அதைத் தாண்டினால் தண்ணீர் மெத்தையிலேயே நின்று, வேரும் மண்ணை விட்டு மெத்தைக்குள் ஏறிக்கொள்ளும். டெனுய்ஃபோலியாவில் இது குவிந்து குவிந்து மேடாகும். மேடாகவே விட்டுப் பாசி படர்ந்த பாறைபோல் ரசிக்கிற தோட்டங்கள் ஜப்பானிய மரபில் உண்டு. அதுவும் ஓர் அழகுதான். ஆனால் மட்டமாக வேண்டும் என்று ஒரு நாள் திடீரென மிஷினை ஓட்டினால், மேட்டின் தலை போய் உள்ளே பழுப்பு மட்டும் தெரியும். பச்சை மேலே ஒரு விரல்தான், அடியில் எல்லாம் சருகு. ஒருமுறை வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மூன்று, நான்கு சென்டிமீட்டரில் நிறுத்தி வைத்தால் வீட்டுத் தரைக்குப் போதும். நுனி வெள்ளையாகப் பிசிறு தட்டினால் கத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த நார் கத்தியைச் சீக்கிரம் மழுக்கும். மாசியில், பனி குறைந்து வெயில் ஏறும் சமயம், இரும்புப் பல் வாரியால் சருகை அழுத்தி வாரி எடுத்துவிட்டு, சலித்த செம்மண்ணும் மணலும் மக்கின எருவும் கலந்து, இலை மூடாமல் மெல்லத் தூவுவேன். மண்ணில் இருக்கும் உயிர்கள் மெத்தைக்குள் இறங்கி மிச்சத்தைத் தின்னும். மழைக்காலத்தில் இதைச் செய்தால் காயத்தில் பூஞ்சை ஏறும்.

போன வைகாசியில் மோட்டார் பழுதாகி, மூன்று வாரம் புல்லுக்கு ஒரு சொட்டு விடவில்லை. வீட்டுக்கே தண்ணீர் வண்டிதான். தரை முழுக்க வைக்கோல் நிறம், தெருவில் போனவர்கள் "போச்சா?" என்று கேட்டார்கள். ஒரு சாயங்காலம் இடியோடு அரைமணி மழை. மறுநாள் ஒரு பிடி சருகை விலக்கி, மண்ணில் விரலை விட்டுத் துழாவினேன். கிழங்குக்கொடி விறைப்பாக, தந்தம்போல் வெளுத்துக் கிடந்தது. கணுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கூர்ப்பு. எட்டாம் நாள் அது பச்சை நூலாக வெளியே வந்தது.

வாசல்படியை ஒட்டி ஒரு சாண் இடத்தை நான் புல் பதிக்காமல் விட்டிருந்தேன், ஆச்சிக்காக. அங்கேதான் கோலம் போடுகிறோம். புல் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க ஓரத்தில் ஒரு ஆணி அடித்துவைத்தேன். எட்டு மாதத்தில் ஆணியைத் தாண்டி நாலு விரற்கடை வந்திருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை அதைக் கத்திரித்து, சாணி தெளித்துவிட வேண்டும்.